நாற்பது தலையும் ஒரு தட்டும்

கல்யாணச் சமையலில் சண்டை போட இரண்டு வீட்டார் வேண்டும். பிறந்தநாள் சமையலுக்கு ஒரு வீட்டாரே போதும்.

ஆறு வருஷமாக இந்த மலையில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். ஊட்டி காந்தலில் வீடு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சமையல் கொட்டகை, இரண்டு கேஸ் அடுப்பு, நாலு அண்டா. அப்புறம் செல்வியக்கா. சமையல் அவர், பேச்சு நான் என்று ஏற்பாடு. அவர் குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து நெல்லியாளத்துப் பக்கம் வந்து சேர்ந்தது. கல்யாணமாகி இங்கே வந்தவர். பேச்சு என்னுடையது என்று சொன்னேனே தவிர, பேச வேண்டிய இடத்தில் பேசுவது எப்போதும் அவர்தான். அது போகப் போகத் தெரியும்.

பெரிய ஓட்டல்காரர்களிடம் போக வசதியுள்ளவர்கள் என்னிடம் வரமாட்டார்கள். வசதி இருந்தும் சாப்பாட்டுக்கு மட்டும் கை வராதவர்கள்தான் வருவார்கள். பலூன் வளைவுக்குப் பணம் இருக்கும், போட்டோகிராபருக்கு இருக்கும், பிரியாணி என்றதும் "பட்ஜெட் கொஞ்சம் டைட்டுங்க" என்பார்கள். ஆனாலும் எனக்கு ஒரு பயம் உண்டு. ஊட்டியிலும் குன்னூரிலும் பிறந்தநாள் விழாவுக்குப் போகிற கூட்டம் ஒன்றேதான். ஒரே பள்ளி வேனில் போகிற பிள்ளைகள், ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற அம்மாக்கள். ஒரு வீட்டில் சாப்பாடு பற்றாமல் போனால் சாயங்காலத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். அதனால் யார் எத்தனை பேர் சொன்னாலும் பத்துப் பேருக்குக் கூடப் போட்டுத்தான் அடுப்பேற்றுவேன். கரண்டி பிடித்துப் பிழைக்கிற என் இனத்தவர்களுக்கும், பிறந்தநாளுக்குப் போய்ப் பசியோடு வீடு திரும்பிய அனுபவசாலிகளுக்கும் இந்தப் பயம் புரியும்.

அரைத் தலைகள்

குன்னூரில் ஒரு அப்பா. பேரம் பேசுவதற்கென்றே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நாப்பது புள்ளைங்க வருதுங்க. புள்ளைங்கன்னா அரை வயிறு. அப்ப இருபது பேருக்குப் போட்டா சரியாப் போச்சு. எங்க பையனை விட்டுடுங்க, அவன் ஒண்ணும் சாப்புட மாட்டான்" என்றார். பெரியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். பெரியவர்களே கிடையாது, இது முழுக்கக் குழந்தைகள் விழா என்று அடித்துச் சொன்னார்.

நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு நாற்பது அம்மாக்களும், அம்மாக்களை வண்டியில் கொண்டுவந்து விட்ட அப்பாக்களில் பாதிப் பேரும் வந்தார்கள். அரை வயிற்றுக் கணக்கை நம்பாமல், நாற்பது முழு வயிற்றுக்கும் மேலே பத்துக்குமாகப் போட்டிருந்ததால் தப்பினேன். செல்வியக்கா அண்டாவில் கடைசிப் பருக்கையைச் சுரண்டிப் போட்டுச் சமாளித்தார். வரிசையில் ஒரு அம்மா மூன்றாம் முறையாகத் தட்டை நீட்டினார். பக்கத்தில் பிள்ளை யாரையும் காணோம். உங்கள் குழந்தை எங்கே என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"பாப்பாவுக்குக் காய்ச்சலுங்க, வரல. அவ பங்குக்குத்தான் நான் வந்துருக்கறேன்."

மூன்றடுக்குக் கேக்

மேலடுக்கு மட்டும் கேக், கீழிரண்டும் தெர்மாகோல். மேலே பூசிய கிரீம் மட்டும் நிஜம். போட்டோவில் மூன்றடுக்கும் ஒரே மாதிரி விழும், செலவு ஓரடுக்குக்குத்தான். பிளாஸ்டிக் டம்ளர் வைத்திருந்தால் பிடித்து அபராதம் போடுகிற மலை இது. அதனால் நான் பாக்கு மட்டைத் தட்டும் எவர்சில்வர் டம்ளருமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். கேக்குக்குள் ஒளிந்திருக்கும் தெர்மாகோலை மட்டும் யாரும் பிடித்ததில்லை. குன்னூர் பேக்கரி ஒன்றில் அதை வாடகைக்கே கொடுக்கிறார்கள். விழா முடிந்ததும் வழித்துத் துடைத்துப் புதுக் கிரீம் பூசினால் அடுத்த வீட்டுக்குத் தயார்.

ஜெகதளாவில் ஒரு வீட்டம்மா இந்தக் கேக்கைத் தன் கையால் செய்ததாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம், மாவு அடித்து அடித்துக் கை வீங்கிவிட்டதாம். பாராட்டுகளை ஏந்திக்கொண்டு நின்றார். அப்போது ஆறு வயசிருக்கும், ஒரு பொண்ணு கேக்குக்குக் கிட்டப் போய்க் குனிந்து, நடு அடுக்கில் கிரீம் கொஞ்சம் குழிந்திருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தது. அளவு சரியாக இருந்தது. முகமெல்லாம் சந்தோஷமாகத் திரும்பி, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னது:

"ஆன்ட்டி, இது சஞ்சு பர்த்டேல நான் குத்துன ஓட்டைங்க!"

சம்பள ஞாயிறு

எஸ்டேட் லயன்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எந்தப் பிள்ளையும் பிறந்த தேதியில் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறுதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறந்தநாள். வேலை நாளில் கொழுந்து பறிப்பை விட்டுவிட்டு யார் கேக் வெட்டுவது? நியாயம்தான். இங்கே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சரியான தலைக்கணக்கு கொடுப்பவர்கள் இவர்கள் மட்டும்தான். லயனில் எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை பேர், யார் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார் என்று விரல் விட்டுச் சொல்லுவார்கள். பங்களாக்காரர்கள் இவர்களிடம் டியூஷன் படிக்கலாம்.

சிக்கல் என்னவென்றால் ஒரே லயனில் ஒரே ஞாயிற்றில் மூன்று பிறந்தநாள் வந்துவிடும். சாப்பிடப் போவது அதே பிள்ளைகள்தான். மூன்றையும் சேர்த்து ஒரே விழாவாகப் போட்டால் செலவும் குறையும், பிள்ளைகளும் அஜீரணமாகிச் சாகாமல் பிழைக்கும் என்று ஒருமுறை யோசனை சொன்னேன். மூன்று அம்மாக்களும் தலையாட்டினார்கள். செல்வியக்கா மட்டும் சிரித்தார். லயனில் வளர்ந்தவருக்குத் தெரியாதா? அன்று சாயங்காலமே மூன்று பேரும் தனித்தனியாகப் போன் செய்தார்கள். மூன்றாவதாகக் கூப்பிட்ட அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது இது:

"ஏனுங்க, அவங்க ஊட்டுல கேசரி போட்டீங்கன்னா, எங்க ஊட்டுக்கு ரெண்டு கலர்ல போட்டுருங்க."

கோட்டுப் போட்ட பையன்

இது நான் தொழிலுக்கு வந்த புதிதில் நடந்தது. குன்னூருக்கு மேலே ஒரு ஹோம்ஸ்டே புல்வெளியில் ஐந்து வயசுப் பையனுக்குப் பிறந்தநாள். பின்னால் பள்ளத்தாக்கு தெரிகிற மாதிரிப் பலூன் வளைவு கட்டியிருந்தார்கள். போட்டோகிராபர் கேமராவை நிமிர்த்தினார், மூடுபனி வந்து பள்ளத்தாக்கை மூடிவிட்டது. வளைவுக்கு முன்னால் கோட்டும் டையுமாகப் பையனை நிறுத்திவிட்டு, பனி விலகட்டும் என்று காத்திருந்தார்கள். விலகும், அவன் சிரிப்பதற்குள் மூடும். இரண்டு மணி நேரம் இப்படியே போனது. வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? குளிருக்கு இதமாக வரிசையில் நின்று சாப்பிட்டு முடித்து, வீட்டில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் கட்டி வாங்கிக்கொண்டார்கள்.

கடைசியில் பையனை விட்டபோது அவன் நேராக என்னிடம்தான் வந்தான். உதடு குளிரில் வெளுத்திருந்தது. என்னிடம் வெங்காயப் பச்சடி மட்டும்தான் மிச்சம் இருந்தது. அவன் பிறந்ததற்காகச் செய்த பிரியாணியை ஊரே சாப்பிட்டுவிட்டது, அவனுக்கு ஒரு பிடி இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது. அன்றிலிருந்து செல்வியக்கா எந்த விழாவிலும் முதல் கரண்டியை எடுத்து ஒரு தட்டில் போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, துணி சுற்றிக் கூடையில் வைத்துவிடுவார். பிறந்தநாள் பிள்ளைக்கான தட்டு அது. ஆறு வருஷத்தில் அது வேண்டாமல் போன விழா ஒன்றுகூட இல்லை. அன்றைக்கோ, பையன் என்னிடமிருந்து திரும்பிப் போய்ப் பசிக்கிறது என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். அவர் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கேக் ஊட்டி விட்டமே தங்கம், அப்பறம் என்ன பசி உனக்கு?"

காட்டேஜ்காரம்மா

இப்போது இந்த மே மாதத்துக்கு வருகிறேன். ஊட்டியில் இரண்டு காட்டேஜ் வைத்து டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடுகிற ஒரு அம்மா. பெண்ணுக்கு ஏழாவது பிறந்தநாள், மதியச் சாப்பாடு. நாற்பது பேர் என்றார். நாற்பதுக்கு மேல் ஒரு தலை வந்தாலும் என்னைக் கேளுங்கள் என்றார். நான் வழக்கம்போல ஐம்பது பேருக்குக் கொண்டு போனேன். அழைத்திருந்தவர்களே அறுபது பேர். அது போதாதென்று இரண்டு வேன் நிறைய முன்பின் தெரியாத ஆட்கள் இறங்கி வரிசையில் நின்றார்கள். மதுரைப் பக்கத்து டூரிஸ்ட்டுகள். அவர்களில் ஒருவரிடம் நீங்கள் பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்டேன். "ரூமோட லஞ்ச் ஃப்ரீன்னு சொன்னாங்கம்மா" என்றார். காட்டேஜ் விருந்தாளிகளின் சாப்பாட்டையும் அந்தம்மா என் அண்டாவிலேயே முடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார்.

ஒன்றரை மணிக்கு அண்டா காலி. ஆறு வருஷமாக எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. பள்ளி வேன் அம்மாக்கள் அத்தனை பேரும் காலித் தட்டோடு நிற்கிறார்கள். காட்டேஜ்காரம்மா மைக்கைக் கையில் எடுத்தார். "எல்லாரும் மன்னிச்சுக்குங்க, கேட்டரிங்காரங்க கம்மியாக் கொண்டுவந்துட்டாங்க" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அதிகாரி வந்து இறங்கினார். அவருக்காகத்தான் இந்த விழாவே என்று அப்போதுதான் புரிந்தது. காட்டேஜுக்கு ஏதோ கையெழுத்து ஆக வேண்டியிருந்ததாம். அம்மாவின் கண் சுற்றிவந்து கூடையில் துணி சுற்றிய தட்டில் நின்றது.

"அதை எடுங்க, சாருக்குக் குடுக்கலாம்" என்றார். அது உங்கள் பெண்ணுடையது என்றேன். "அவளுக்கு ஊட்டுல பிரெட் இருக்குது. நீங்க எடுங்க. நான் மைக்குல வேற மாதிரிச் சொல்லிக்கறேன்" என்றார். அதாவது, தட்டைக் கொடுத்தால் என் பேர் பிழைக்கும். கோட்டுப் பையனுக்காக அழுத நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கூடைப் பக்கம் குனிந்து துணியை அவிழ்த்தேன். கொடுக்கத்தான் போனேன். மேல் தட்டைத் தூக்கினால் கீழே இரண்டு எலும்பும் ஒரு ஏலக்காயும் கிடந்தன. கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் பார்த்தேன். கவிழ்த்து வைத்த குண்டான்மேல் இளவரசி கவுனோடு அந்தக் குட்டி உட்கார்ந்து கையை நக்கிக்கொண்டிருந்தது. செல்வியக்கா அதன் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"புள்ள அப்பவே சாப்புட்டுருச்சும்மா. எலும்பு இருக்கு, வேணுமுன்னா அவருக்கு வைங்க."

மறுபடியும் அதே குரல்

மைக்கில் வேறு மாதிரி யாரும் சொல்லவில்லை. அந்த வாரமே இரண்டு ஆர்டர் போய்விட்டது. இருபது நாள் போன் அடிக்கவில்லை. செல்வியக்காவிடம் கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. தட்டை எடுத்துக் கொடுக்கக் குனிந்தவள் நான்தானே. அவரும் அதைப் பார்த்தார். பார்த்ததாக ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, மழை நின்றதும் அண்டாக்களைத் தேய்த்து வைத்தார்.

போன திங்கட்கிழமை போன் வந்தது. காட்டேஜ்காரம்மாவேதான். அடுத்த மாதம் சின்னப் பையனுக்குப் பிறந்தநாளாம். இந்த விலைக்கு மலையில் வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லையாம். பழையதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். நான் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனாலும் வேறு வேலை தெரியாது, ஒத்துக்கொண்டேன். வேன் ஆட்களையும் சேர்த்து எண்ணிச் சொல்ல வேண்டும் என்றேன். நாற்பதுதான், சத்தியமாக நாற்பதேதான் என்றார். வைக்கப் போனவர் எதையோ நினைத்துக்கொண்டு மறுபடி கேட்டார்:

"ஏனுங்க, பொறந்தநாள் புள்ளைக்குன்னு ஒரு தட்டு எடுத்து வெப்பீங்கல்ல, அது இந்த நாப்பதுக்குள்ளயா, இல்ல நீங்களா ஃப்ரீயாக் குடுக்கறதா?"

ஆறு வருஷம் எத்தனையோ தலைகளை எண்ணிச் சமைத்ததில் நான் கண்டது, பிறந்தநாள் விழாவில் யார் கணக்கிலும் வராத ஒரே தலை, அன்றைக்குப் பிறந்த தலைதான்.