மூன்றாவது பாட்டில் நான் தாளம் மாற்றியது

எழுபதுகளின் நடுவில் நான் கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில், வீடு கூட்டும் தும்புத்தடிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தங்கையின் கணவர் இங்கே எஞ்சினியர். அவர் ஸ்பொன்சர் செய்துதான் வந்தேன். நாற்பது வயது தாண்டியும் யாராவது என்னிடம் பேச வந்தால் என் கண் தானாகத் தரைக்குப் போய்விடும்.

எனக்கு எதிர்மேசையில், தடியில் தும்பு பொருத்தும் இடத்தில், கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு பெண் நின்றார். என் வயதுதான் இருக்கும். வேலை செய்யும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். செபம் சொல்கிறார் என்று நினைத்தேன். பாட்டுக் கட்டுகிறார் என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அவர் சல்சா பாடகி; ஜோடியாக ஆடுவதற்குப் பாடும் பாட்டு அது. ஒரு துறைமுகப் பட்டினத்தில், பதினான்கு வயதில், கலியாண வீடுகளில் பாடத் தொடங்கியவர். பிறகு ஒரு பெரிய குழுவில் பதினொரு வருடம் பாடினார். அவர் கட்டிய இரண்டு பாட்டுகளை அந்தக் குழுவின் தலைவர் இசைத்தட்டாக வெளியிட்டார். எழுதியவர் என்ற இடத்தில் தலைவரின் பெயர் இருந்தது. சந்தையில் மீன் வெட்டுகிறவன் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே இவருக்கு மீன் வெட்டிக் கொடுப்பானாம். இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். அவருக்கு ஒரே ஆசை: ஒரு இசைத்தட்டு வர வேண்டும், அதில் பாட்டு எழுதியவர் என்று தன் பெயர் இருக்க வேண்டும். அவர் ரொறன்ரோவுக்கு வந்ததும், வாரக் கடைசியில் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் பியானோக்காரர் ஒருவரின் சிறு குழுவோடு பாடியதும் அதற்காகத்தான்.

நாங்கள் பேசிய ஆங்கிலம் இருவருக்குமே அரைகுறை. நான் இங்கே எழுதுவதுபோல அவர் கோவையாகச் சொல்லவில்லை. துண்டு துண்டாகச் சொன்னதை நான் பல நாட்களில் சேர்த்துக்கொண்டேன்.

சல்சாவில் கிளாவே என்று ஒன்று உண்டு. இரண்டு சிறு கட்டைகளைத் தட்டி எழுப்பும் ஐந்து அடி. முதலில் மூன்று, பிறகு இரண்டு. பாட்டு முடியும்வரை அதுதான். பியானோ, மேளம், குரல் எல்லாம் அந்த ஐந்து அடிக்குள் தங்கள் தங்கள் இடத்தில் வந்து சேர வேண்டும். மூன்றில் வர வேண்டியது இரண்டில் வந்தால் ஆடுகிறவர்களின் கால் தடுக்கிவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு முறிந்த தும்புத்தடியை இரண்டு துண்டாக அறுத்து என்னிடம் தந்து, ஐந்து அடியையும் காட்டினார். எனக்குத் தாளம் வரும். ஊரில் இருபது வருடம் மார்கழி பஜனையில் கைத்தாளம் போட்டவன். அன்றிலிருந்து ஆறு மாதம், சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம், அவர் புதிதாகக் கட்டியதைப் பாட நான் தட்டினேன். எங்கும் எழுதி வைக்கமாட்டார். எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது.

இதை வீட்டில் தெரியாமல் சொல்லிவிட்டேன். தங்கையின் கணவர் விடவில்லை.

"என்ன மச்சான், கனடாவிலையும் பஜனை தொடங்கியிட்டியளோ? சாமி ஆர், உந்த ஸ்பானிஷ்காரியோ?"

"சும்மா இருங்கோப்பா," என்றாள் தங்கை. "அண்ணை வெளியிலை ஒரு ஆளோடை கதைக்கிறார். அதுவே பெரிய விசயம்."

"எங்கை கதைக்கிறார்? தட்டுறார்!"

அந்த வசந்தத்தில், நியூயோர்க்கில் இசைத்தட்டு போடும் ஒருவர் ஒரு ஞாயிறு பின்னேரம் மண்டபத்துக்கு வந்து குழுவைக் கேட்பதாக ஏற்பாடானது. பாடப்போவது கொலம்பியாப் பெண் கட்டிய மூன்று பாட்டுகள். பிடித்தால் கூட்டிக்கொண்டுபோய் ஒலிப்பதிவு செய்வார். அந்த வாரம் பார்த்துக் குழுவில் கட்டை தட்டுகிறவருக்குக் கூகைக்கட்டு வந்து கன்னம் இரண்டும் வீங்கிவிட்டன.

"நீ வா, அமிகோ," என்றார் பாடகி. அவர் மொழியில் அமிகோ என்றால் நண்பன்.

"நோ, நோ."

"நீ கல்லு. ஆறு மாதம். ஒருநாளும் ஆடாத கல்லு."

நான் ஆடாதது உண்மைதான். ஆனால் அந்த ஆறு மாதத்தில் அவரும் ஒருநாளும் தவறவில்லை. அவர் தவறினால் நான் என்ன செய்வேன் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை என் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். நியூயோர்க்கிலிருந்து வந்தவர் மடிப்புக் கதிரையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில் வந்தவருடைய சப்பாத்து நுனி அசைந்தது. பியானோக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மூன்றாவது, வராத பஸ்ஸுக்குக் காத்து நின்று தன் கால்களோடு சண்டை பிடிக்கும் ஒரு பெண்ணின் பாட்டு. அவர் கட்டியதிலேயே நல்லது அதுதான். வந்தவரும் முன்னால் சாய்ந்தார். அதைப் பார்த்த சந்தோசத்திலோ பயத்திலோ, பாடகி அரைச்சுற்று முந்திப் பாடத் தொடங்கிவிட்டார். இரண்டில் வர வேண்டியவர் மூன்றில் வந்தார்.

எங்கள் பஜனையில் பாடுகிறவர் தவறினால், கைத்தாளம் போடுகிறவன் ஒரு தட்டை விழுங்கி அவரோடு போய்ச் சேர்ந்துகொள்வான். முன்னால் பாடுகிறவரைச் சபையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கை அப்படியே பழகியிருந்தது. அன்றும் கை அதைத்தான் செய்தது. யோசிக்கும் முன்பே, அடுத்து வர வேண்டிய இரண்டு அடியை விட்டுவிட்டு, அவருக்கு ஏற்றபடி மறுபடி மூன்றைத் தட்டினேன்.

கிளாவே யாருக்காகவும் அசையக் கூடாது. அது அசையாமல் நின்றால்தான் தவறியவர் திரும்பி வர முடியும். அவரும் வந்தார். தன் பிழை தெரிந்து, ஒரு சொல்லை நீட்டிப் பிடித்து, அரைச்சுற்றுக் காத்து, பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்பினார். அந்த இடத்தில் நான் இல்லை. பியானோ அவர் பக்கம் போனது, மேளம் என் பக்கம் வந்தது. பிறகு எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

நியூயோர்க்காரர் மரியாதையாகத்தான் எழுந்தார். பாட்டு நல்லது, ஆனால் கிளாவேயில் நிற்காதவரைத் தன்னால் கொண்டுபோக முடியாது என்று பாடகியிடம் சொன்னார். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கியது. அவர் தலையசைத்து, "என் பிழை," என்றார். பியானோக்காரரும் பாடகியின் பிழை என்றுதான் சொன்னார். நான் அங்கேயே நின்றேன். கட்டைகள் இரண்டும் கையிலேயே இருந்தன.

வீட்டுக்கு வந்து தங்கையின் கணவரைக் கெஞ்சினேன். அவருக்கு ஆங்கிலம் தண்ணீர் மாதிரி. ஒருமுறை வந்து அந்தப் பெண்ணுக்கு விளங்கப்படுத்தச் சொன்னேன்.

"என்னெண்டு சொல்லுறது, மச்சான்? ரெண்டு தட்டு மாறிப் போச்செண்டோ? உதுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனா அந்த மனுசி சிரிக்கும்."

"இல்லை, நீங்கள் சொன்னா விளங்கும்..."

"விடுங்கோ. பாடினவ பிழை விட்டவதானே?"

ஓம், விட்டவர்தான்.

அடுத்த நாள் மதியம் கட்டைகளோடு பாடகியிடம் போனேன். "மை மிஸ்டேக்," என்றேன். "நீ நல்லவன்," என்றார் அவர். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். செய்து காட்டினால் விளங்கும் என்று தட்டத் தொடங்கினேன். நான் மாறிய இடத்தைக் காட்ட வேண்டுமென்றால் அவர் முதலில் பிழையான இடத்தில் பாடத் தொடங்க வேண்டும். கையால் சைகை காட்டினேன்: ஞாயிற்றுக்கிழமை மாதிரி, ஒருமுறை. அவர் என்னையே பார்த்தார்.

"அமிகோ, என்னை அந்த இடத்தில் திரும்ப நிறுத்தாதே."

தட்டுவதை நிறுத்தினேன். மணி அடித்தது. இருவரும் எங்கள் மேசைகளுக்குப் போனோம்.

அதன்பிறகு மூன்று வருடம் அதே மண்டபத்தில் மற்றவர்களின் பாட்டுகளைப் பாடினார். தன்னுடையதை ஒருநாளும் பாடவில்லை. பிறகு தமக்கையோடு இருக்க மொன்றியல் போனார். இசைத்தட்டு எதுவும் வரவில்லை.

பியானோக்காரரை இப்போதும் சில நேரம் பஸ்ஸில் காண்பேன். அந்தப் பேச்சை அவரே எடுப்பார். என்ன குரல், அன்றைக்குப் பார்த்துத் தவறிவிட்டாளே என்பார். "நோ. மீ," என்பேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுத் தன் தரிப்பில் இறங்கிப் போவார்.