பள்ளத்தூரில் வேர்க்கும் சுவர்

பள்ளத்தூரில், ஆளில்லாத ஒரு பெரிய வீட்டின் சுவரிலிருந்து சுண்ணாம்பைச் சுரண்டுகிறேன். அதிலுள்ள ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகளை அளந்தால், இந்தச் சுண்ணாம்புக்கு மூலமான கல் எந்தக் காலத்துக் கடலடியில் படிந்தது என்று சொல்லிவிடலாம்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வள்ளிக்கண்ணு பழந்துணியோடு வருகிறார். அவரிடமும் இதைச் சொல்கிறேன்.

"அந்தக் கடல் இப்ப எங்குட்டு இருக்கு?"

"வத்திப்போய் பல கோடி வருசமாச்சுங்க."

"சுவத்துக்குத் தெரியாது போல. தெனம் வேர்க்குது. தொடச்ச துணி காஞ்சா உப்புப் பூக்குது."

"எப்ப வேர்க்கும்?"

"நேத்து பதினோரு மணிக்கு. இன்னைக்குக் கொஞ்சம் பிந்தும், நாளைக்கு இன்னும் பிந்தும். இருந்து பாத்துட்டுப் போறீகளா?"

என் கை நின்றுவிடுகிறது. கடலில் நீர் ஏறும் நேரம்தான் இப்படி நாளுக்கு நாள் பிந்தும்.

வெளியே வெயில் காய்கிறது. வள்ளிக்கண்ணு துணியை மடித்துச் சுவரடியில் வைக்கிறார். நான் சுரண்டிய இடத்தில் முதல் துளி திரள்கிறது.