வெறும் சோற்றின் இனிப்பு

விவாத மேடையில் நான் தோற்றது அரிது. என் பெயரைக் கேட்டதும் எதிரணியினர் தம் குறிப்புகளை மறுபடி புரட்டுவார்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் நான் வென்ற முதல் வாதத்துக்கு மேடையும் இல்லை, நடுவரும் இல்லை. மாத்தளையிலிருந்து நாவுல என்ற ஊருக்குப் போகும் வழியில், பெரியம்மா வீட்டு அடுப்படியில், ஒரு கைத்தொலைபேசியின் முன்னால் அது நடந்தது.

நான் அப்போது ஏழாம் தரம். அப்பா காலமாகியிருந்தார். அம்மா என்னைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு, வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போயிருந்தார்.

அந்தத் தவணையில்தான் விஞ்ஞான ஆசிரியை காபோவைதரேற்று எனும் மாச்சத்துப் பாடத்தை எடுத்தார். அவித்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு துளி அயடீன் விட்டார், கிழங்கு கருநீலமாயிற்று. உள்ளே மாப்பொருள் ஒளிந்திருப்பதை அயடீன் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும் என்றார். மாப்பொருள் என்பது குளுக்கோசு மணிகளைக் கோத்த நீண்ட மாலை என்றார். மாலை இனிக்காது, உமிழ்நீர் அதைச் சிறு துண்டுகளாக அறுத்துவிட்டால் வெறும் சோறும் இனிக்கும். அதே மணிகளை வேறு விதமாகக் கோத்தால் அது செலுலோசு: புல்லாகவும் மரமாகவும் நிற்கும். அதை அறுக்கும் கருவி மனித உடலில் இல்லை.

பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கு இதையே எடுத்துக்கொண்டேன். அனுபவித்தறியாததை மேடையில் சொல்லக்கூடாது என்பது அன்றே என் கொள்கை. ஆகவே ஒவ்வொரு வேளையும் கறியை ஒதுக்கிவிட்டு, ஒரு வாய் வெறும் சோற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவேன். மெல்ல மெல்ல, நாக்கின் ஓரத்தில் இனிப்பு ஊறும். வந்தபின் விழுங்க மனம் வராது. தட்டிலே சோறு ஆறிக் கிடக்கும்.

பெரியம்மாவின் கண்ணுக்கு இது விஞ்ஞானமாகப் படவில்லை. உப்பும் மிளகாயும் என்னைச் சுற்றி அடுப்பில் போட்டார். மாத்தளை முத்துமாரியம்மனுக்கு நேர்த்தி வைத்தார். பெரியப்பாவுக்கோ கேலி.

"ஆடுகூட இம்புட்டு நேரம் அசை போடாது, லோயரம்மா."

ஆடு செரிப்பது செலுலோசு, நான் செரிப்பது மாப்பொருள், எனவே ஒப்புமை பிழை என்று அவருக்கு விளக்கினேன்.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமைகளில்தான் பேச அனுமதி. அந்த வெள்ளி, தொலைபேசித் திரையில் அம்மாவின் முகம் தெளிந்ததுமே பெரியம்மா முந்திக்கொண்டார்.

"புள்ள திங்க மாட்டேங்குது. ஒரு வாய் சோத்த வச்சிக்கிட்டு கண்ண மூடி ஒக்காந்திருக்கு. ஒன்ன நெனச்சே ஏங்கிப்போச்சு."

அம்மா என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"ஒன்னால முடியலன்னா ஒரு வார்த்த சொல்லு சாமி. மேடத்துக்கிட்ட சொல்லிட்டு நான் வந்துர்றேன்."

ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. நானோ ஒரு சொற்பொழிவையே நிகழ்த்தினேன். தொலைபேசியை மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்துவைத்து, சோற்றை மென்று காட்டி, மாலை, மணி, உமிழ்நீர் என்று வரிசை பிசகாமல் நிறுவினேன். முடிவுரையும் இருந்தது.

"ஏங்கவெல்லாம் இல்லம்மா. இது விஞ்ஞானம். நீங்க அங்கேயே இருங்க."

பெரியப்பா கை தட்டினார். அம்மா சிரித்தார். தலைத்துணியின் நுனியால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, "அப்ப சரி, கெட்டிக்காரி" என்றார்.

போட்டியிலும் எனக்கே முதலிடம். அம்மா ஊர் திரும்பியபோது நான் பதினோராம் தரத்துச் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். விமான நிலையத்தில் என்னை அடையாளம் காண அவருக்குச் சற்று நேரமெடுத்தது.

இப்போதும் விடுதிச் சோற்றில் ஒரு வாயைக் கறியின்றி மெல்லுகிறேன். இனிப்பு அதே இடத்தில்தான் ஊறுகிறது. கண்ணை மூடும்படி ஆசிரியை சொல்லவில்லை. மூடினால், அம்மா சோறு ஊட்டிய கை என் வாயருகே வந்துவிடும். அயடீன் இல்லாமலே பெரியம்மா அதைக் கண்டிருந்தார்.

அம்மா சொன்னவையும் நானறிந்த சொற்கள்தாம். கோத்த விதம் வேறு. "முடியலன்னா சொல்லு" என்று திரையில் கேட்டபோது, முடியாமலிருந்தது யாருக்கு என்பதைப் பிரித்தறியும் கருவி அந்த ஏழாம் தரத்துப் பேச்சாளியிடம் இருக்கவில்லை.