எண்ணாமல் விட்ட ஒரு கம்பைல்

2023 டிசம்பர் 11, திங்கட்கிழமை, காலை 6.40. தூறல், காற்று இல்லை. தலத்தெருவில் எங்கள் வீட்டு மாடி அறையில் மூன்று கணினிகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். ஒன்பதிலிருந்து ஐந்து வரை மின்சாரம் இருக்காது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். பதினோரு மணிக்குத் திருமலைராயன்பட்டினத்தில் மளிகைக்கடை பாய் தன் இரண்டாவது கடையைத் திறக்கிறார்.

பாயின் பழைய கடையில் பில் போடுவது நான் எழுதிய மென்பொருள். ஓய்வு பெற்ற பிறகு பதினோரு வருடமாக எனக்கு இருக்கும் ஒரே வேலை அது. புதுக் கடைக்குச் சென்னைக் கம்பெனி ஒன்று ஆள் அனுப்பி விலை பேசியிருந்தது. பாய் என்னிடம் மறைக்கவில்லை.

"கடை திறக்கிறப்ப உங்க பில்லு வந்துச்சுன்னா ரெண்டு கடையும் உங்களுதுதான் சார். வரலேன்னா அவங்களக் கூப்பிட்டுடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

பழைய கடையில் விண்டோஸ். புதுக் கடைக்குச் செலவு குறைய லினக்ஸ். துபாயில் இருந்தபடி கணக்குப் பார்க்கும் பாயின் மகனிடம் மேக். ஆகவே நான் எழுதிய 418 கோப்புகளை மூன்று கம்பைலர்கள் தனித்தனியாகப் படித்து, அந்தந்தக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரவேண்டும். மூன்றும் ஒரே கம்பைலிலிருந்து வந்தால்தான் இரண்டு கடைக் கணக்கும் ஒன்று சேரும். லினக்ஸுக்கு 38 நிமிடம், மேக்குக்கு 44, விண்டோஸுக்கு 71. எத்தனை சின்னத் திருத்தமானாலும் இதே நேரம்தான். விண்டோஸின் மேல் பழிபோட்டுப் புது வட்டு வாங்கினேன்; இரண்டு நிமிடம் குறைந்துதான் இந்த 71. லினக்ஸுக்கு நினைவகம் கூட்டினேன், ஒன்றும் குறையவில்லை. மின்வெட்டுக்குப் பயந்து யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டேன். மற்ற இரண்டையும் அணைத்துவிட்டால் ஒரு கணினியைப் பன்னிரண்டு நிமிடம் தாங்கும். மூன்றிலும் ஒரு கேஷ் மென்பொருளும் போட்டிருந்தேன். ஒருமுறை கம்பைல் செய்ததை அது எடுத்து வைத்துக்கொள்ளும். ஓர் எழுத்தும் மாறாமல் அதே கோப்பு திரும்ப வந்தால், எடுத்து வைத்ததையே நீட்டிவிடும். எத்தனை தடவை அப்படி உதவியது என்று அதுவே கணக்கும் காட்டும். நான்கு மாதமாகப் பூஜ்யம்.

7.51க்கு மூன்றும் முடிந்தன. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு சட்டையை மாட்டினேன். 8.03க்கு பாய் தன் அம்மாவுக்காகப் போனில் கூப்பிட்டார்.

"சார், உம்மா கேக்குறாங்க. பில்லு மேல 786 வருமா?"

"பழைய கடையில வருதே பாய்."

"அது அச்சடிச்ச தாளுல்ல சார். பிரஸ்ஸுலயே போட்டுக் குடுத்துடுவாங்க. இங்க வெறும் ரோலு."

இத்தனை வருடமாக அந்தக் கடையின் ஒவ்வொரு பில்லின் தலையிலும் அந்த எண்ணைப் பார்த்திருக்கிறேன். அது என் மென்பொருள் போடுவதில்லை, தாளிலேயே இருப்பது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"அது இல்லாம உம்மா கல்லாவத் தொறக்க விட மாட்டாங்க சார். முடியுமா, சொல்லுங்க."

"முடியும்" என்றேன்.

ஒரே கோப்பில் ஒரே வரி. எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 8.05க்கு மூன்றையும் மறுபடி ஓடவிட்டு மனத்துக்குள் கூட்டினேன்: விண்டோஸ் முடிய 9.16. பேட்டரி தாங்குவது 9.12 வரை. நான்கு நிமிடம் இடிக்கிறது. அறையில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். மனைவி காபியோடு வந்தாள்.

"நீங்க நடந்தா அது வேகமா ஓடுமா?"

"ஓடாது."

"அப்ப உக்காருங்க. கீழ மாவு அரைக்கிறேன், தலைக்கு மேல திங்கு திங்குன்னு இருக்கு."

உட்கார்ந்தேன். உட்கார்ந்ததால் மூன்று திரைகளும் ஒருசேரக் கண்ணில் பட்டன. மூன்றுமே முதல் கோப்பிலிருந்து தொடங்கியிருந்தன. மாறியது ஒரு கோப்பு. மீதி 417ஐ ஏன் தொடவேண்டும்? ஒரு கம்பைலர் அப்படிச் செய்தால் அதன் கோளாறு. ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று கம்பைலர்களும் செய்தால் கோளாறு என்னுடையது.

எல்லாக் கோப்புகளும் முதல் வேலையாகப் படிக்கும் ஒரு பொதுக் கோப்பு உண்டு. திறந்தேன். முதல் வரி: கம்பைல் எண் 9205. ஆரம்பித்த நாளிலிருந்து எத்தனை தடவை கம்பைல் செய்திருக்கிறேன் என்ற கணக்கு. ஒவ்வொரு தடவையும் தானாக ஒன்று கூடும்படி செய்திருந்தேன். பில்லின் அடியில் சிறிய எழுத்தில் அது அச்சாகும். அந்த எண் கூடியதும் பொதுக் கோப்பு மாறுகிறது. அது மாறியதும், அதைப் படிக்கும் 418ம் மாறியதாகக் கம்பைலர்கள் எடுத்துக்கொள்கின்றன. கேஷும் என்ன செய்யும், நான் ஒரு தடவையாவது பழைய எழுத்தைத் திரும்பக் காட்டினேனா?

8.19க்கு மூன்றையும் நிறுத்தினேன். அந்த வரியையே எடுத்துவிடலாமென்றால் அதுவும் ஒரு மாற்றம். மறுபடி 71 நிமிடம். வழி ஒன்றுதான். 9205ஐ அழித்துக் காலையில் இருந்த 9204ஐயே போடவேண்டும், தானாகக் கூட்டுவதையும் நிறுத்தவேண்டும். அதாவது இந்தத் தடவையை எண்ணக்கூடாது. 5 என்ற எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று மட்டும் பார்க்கவில்லை.

லினக்ஸ் இரண்டு நிமிடம். மேக் இரண்டு. விண்டோஸ் நான்கு. கேஷ் காட்டிய கணக்கு மூன்றிலும் 417. எழுந்து ஒருமுறை கதவு வரை போய் வந்து மறுபடி பார்த்தேன். 417தான். மாடியிலிருந்து இறங்கும்போது மின்சாரம் இருந்தது; தூறல் வலுத்திருந்தது. பஸ்ஸுக்கு நிற்க மனசு வரவில்லை. ஆட்டோ பிடித்தேன்.

பத்தரைக்குள் கடைக் கணினியில் ஏற்றிவிட்டேன். சரியாகப் பதினொன்றுக்கு உம்மா வந்து ஒரு கிலோ சீனி வாங்கினார்கள். பில் வந்தது. தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்து மேலே பார்த்தார்கள், தலையை அசைத்துக் கல்லாவைத் தொட்டார்கள். பாய் என் தோளைத் தட்டினார்.

"சென்னைக்காரனுக்குப் போன் பண்ணி வேணாண்டு சொல்லிட்டேன் சார். ஏன் இன்னும் மொகம் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒன்னுமில்ல பாய்."

பில்லின் அடியில் 9204 என்று இருந்தது. காலையில் செய்ததற்கும் அதே எண், இதற்கும் அதே எண். திரும்பும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து, கம்பைல் எண்ணைப் பொதுக் கோப்பிலிருந்து எடுத்து யாருக்கும் தொந்தரவில்லாத தனிக் கோப்பு ஒன்றில் வைப்பதற்கு மாலை ஐந்து மணி வரை காத்திருந்தேன். அப்போது, எண்ணாமல் விட்ட தடவைக்கு 9205ஐ ஒதுக்கி, அதை 9206 என்று தொடங்கினேன். பிறகுதான் அந்த ஒரு வரியால் ஆன செலவைக் கூட்டினேன். வட்டு 4,350. நினைவகம் 3,900. பேட்டரி 12,800. போகவர ஆட்டோ 280. மொத்தம் இருபத்தோராயிரத்து முந்நூற்று முப்பது ரூபாய்.