இலவம்பஞ்சு குடித்த எண்ணெய்

என் ஸ்கூட்டரைக் கழுவக் கொடுக்கும் வாட்டர் வாஷ் கடை கே.கே. நகரில் இருக்கிறது. நடத்துகிறவர் ஒரு பெண். அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே குடியமர்த்திய பிறகு, தினமும் இரண்டு பஸ் மாறி வந்து கடை திறக்கிறார். போன வருஷம் ஒருநாள் அவர் கையில் மாநகராட்சி நோட்டீஸ். கடையிலிருந்து எண்ணெய்த் தண்ணீர் மழைநீர் வடிகாலுக்குப் போகிறது. பத்து நாளில் நிறுத்தாவிட்டால் பூட்டு.

"வூடுதான் போச்சி. இதுவும் போச்சின்னா இன்னா மேடம் பண்ணுவேன்?" என்றார்.

என் பிழைப்பே தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிப்பதுதான். அடையாறில் ஓர் ஆய்வகத்தில், எண்ணெயை மட்டும் உறிஞ்சித் தண்ணீரைத் தள்ளிவிடும் ஸ்பாஞ்சு செய்கிறேன். அது எண்ணெயைக் குடிக்கும் அழகு எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. "கவலைய விடுங்க" என்று பெரிய மனுஷி தோரணையில் சொல்லி, மறுநாளே நாலு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டே நாளில் மானம் போயிற்று. ஸ்பாஞ்சு தண்ணீரில் ஊறி, வண்டி கழுவிய தண்ணீர் தேங்கும் தொட்டியின் அடியில் கிடந்தது. எண்ணெய் மேலே சாவகாசமாக மிதந்தது. நீங்கள்தான் ஏதோ தப்பாகச் செய்திருக்கிறீர்கள் என்று அவர் மேலேயே பாய்ந்தேன்.

அவர் திருப்பிப் பாயவில்லை. "காலைல மொத வண்டிக்கு நல்லாத்தான் குடிச்சிச்சு மேடம். ஷாம்பு தண்ணி வுயுந்தப்புறம்தான் இப்டி ஆயிடுச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சோப்பு பட்டால் தண்ணீர் ஒட்டாத பொருளும் நனைந்துவிடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். சுத்தமான தண்ணீரில் எண்ணெயை அளந்து ஊற்றியே வருஷங்களைக் கழித்தவளுக்கு, வண்டி கழுவ ஷாம்பு போடுவார்கள் என்பது நினைவுக்கே வரவில்லை.

வழியை அவரே கண்டுபிடித்தார். செங்கல் வைத்துத் தொட்டியை இரண்டாகத் தடுத்தார். செயின், இன்ஜின் கிரீஸெல்லாம் வெறும் தண்ணீரில் அடித்து ஒரு பக்கம். ஷாம்பு அதற்கப்புறம், மறுபக்கம். புது ஸ்பாஞ்சு செய்ய ஒரு மாசம் ஆகும் என்று நான் இழுத்தபோது, வெங்காய வலைப்பை ஒன்றில் இலவம்பஞ்சை அடைத்துக் கொண்டுவந்து நின்றார்.

"ஆத்துத் தண்ணி வூட்டுக்குள்ள பூந்தப்போ அல்லாம் முயுகிடுச்சு மேடம். கியிஞ்ச தலகாணில இருந்த பஞ்சு மட்டும் நனையாம மெதந்துக்கினு இருந்துச்சு."

இலவம்பஞ்சு இழையின் மேல் தண்ணீரைத் தள்ளும் மெழுகு இயற்கையாகவே உண்டு. அதைத்தான் நான் மருந்து பூசிச் செயற்கையாக வரவழைக்கிறேன். அந்தப் பை எண்ணெயைக் குடித்துக் கறுத்ததைக் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். பொறாமையாகக்கூட இருந்தது.

பத்தாம் நாள் அதிகாரி வந்தார். நான் வண்டி கழுவ வந்தவள் போல நின்றுகொண்டேன். அவர் வடிகாலுக்குப் போகும் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார். "சரி, இதே மாதிரி நடத்துங்க" என்று நோட்டீஸில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி போனதும் நான் ஒரு கேனில் ஷாம்புத் தண்ணீரை நிரப்பிக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு மேடம் இந்த அயுக்குத் தண்ணி?"

"இதுல தேறினாத்தான் இனிமே உங்ககிட்ட ஸ்பாஞ்சு கொண்டு வருவேன்."

அவர் சிரித்தார். கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்தார். அந்தக் கடையில் அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"பத்து நாளா தூக்கம் இல்ல மேடம். இன்னிக்கி நல்லாத் தூங்குவேன்" என்றவர், தொட்டியில் மிதந்த பையைப் பார்த்துச் சொன்னார்: "தலகாணிதான் இல்ல."