பிலோமி கொண்டுவந்த சீனப் பத்திரிகை

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஷூக்கடை வைத்திருந்த லியோங் குடும்பத்துக்குப் பிலோமி மருமகளாகப் போனபோது, "சீனாக்காரங்க ஊட்டுல இந்தப் புள்ள என்னத்தத் திங்குமோ" என்று தெருவே கவலைப்பட்டது. அவள் வயிறாரத்தான் சாப்பிட்டாள். புதிதாகச் சேர்ந்த வேலை ஒன்றுதான்: மாமனார் பத்திரிகை படிக்க, இவள் ‘ம்’ கொட்ட வேண்டும்.

கொல்கத்தாவிலிருந்து தபாலில் வரும் சீனப் பத்திரிகை அது. மாமியார் இறந்தபின் மலையில் கிழவரோடு சீனம் பேச ஆளில்லை. மகன் நெல்சனுக்கே அரைகுறைதான். அதனால் சத்தமாகப் படிப்பார். ஓர் எழுத்துகூடப் புரியாமல் இருபது வருஷம் ‘ம்’ கொட்டினாள் பிலோமி. இப்படியொரு வாசகி எந்தப் பத்திரிகைக்கு வாய்ப்பாள்?

வாசகர்கள் குடும்பம் குடும்பமாகக் கனடா போய்விட, பத்திரிகை நின்றது. கிழவர் லியோங் பேச்சையும் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். பழைய இதழ்களையாவது கொடுக்கலாமென்றால், அலமாரியில் விரித்தும் பஜ்ஜிக்கடைக்குக் கொடுத்தும் தீர்த்த புண்ணியவதி அவளேதான். மனசு கேட்காமல் கொல்கத்தாவுக்கு ரயிலேறிவிட்டாள்.

பூட்டிக் கிடந்த பத்திரிகை அலுவலகத்தைத் திறந்து காட்டியவர் பழைய அச்சுக்கோப்பாளர், சென் என்ற சீனக் கிழவர். சொல்லுக்கு ஓர் அச்சாகச் சுவர் முழுக்க ஈய எழுத்துகள். ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் ஒரு காலத்தில் தினமும் பத்திரிகை வந்திருக்கிறது. அறுபத்திரண்டில் சீனாவோடு போர் வந்து இங்கிருந்த சீனர்களைச் சிறைபிடித்துப் போனபோது நின்றதாம். திரும்பி வந்தவர்களே மறுபடி தொடங்கினார்களாம். கேட்கக் கேட்க அவளுக்கு மரியாதையில் கண் கலங்கியது. "குன்னூர், லியோங்" என்றாள். சென் சட்டென்று நிமிர்ந்தார். அந்த முகவரியை உறையில் எழுதியது அவர் கைதான். "இன்னும் படிக்கிறாரா?" என்று இந்தியில் கேட்டு, அவள் தூக்க முடிந்த மட்டும் பழைய இதழ்களைக் கட்டிக் கொடுத்தார்.

"மாமா, பத்திரிகை வந்திருக்குதுங்க."

லியோங் ஆவலாகப் பிரித்தார். தேதியைப் பார்த்ததும் முகம் விழுந்தது. "இது பழசு, பிலோமி. எல்லாம் நான் படிச்சது." மடித்து வைத்துவிட்டார்.

இத்தனை தூரம் போய்வந்தது வீணா? அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் இன்னும் படிக்கலீங்களே மாமா. எனக்குத் தமிழ்ல சொல்லுங்க."

கிழவர் அவளையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தை மறுபடி விரித்தார்.

"தோல் பட்டறைக்காரர் ஒருத்தர் ஊட்டுல கல்யாணம். பையன் நம்மள மாதிரி செருப்பு வியாபாரம்..."

"பொண்ணு எந்த ஊருங்க?" என்று கேட்டாள் பிலோமி.