பழைய காருக்கு இன்னொரு சாவி

அந்த வீட்டில் கார் ஒன்று, ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், சாவி ஒன்று. பழைய கார்தானே, வாங்கும்போதே ஒரே சாவிதான் கிடைத்தது. ஒரு வண்டிக்கு ஒரு சாவி போதாதா என்று விட்டுவிட்டார் மனுஷர்.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். திங்கள், புதன், வெள்ளியில் மாமியாரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவதும் அவள்தான். காலை எட்டு மணிக்குப் போகாவிட்டால் ஆஸ்பத்திரியில் மாமியாருக்கான நாற்காலியை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒருநாள் இவர் சாவியைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறிவிட்டார். வாடகைக் கார் வந்து சேர்வதற்குள் முறை போய்விட்டது. மாமியாருக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டி, இரண்டு நாள் பெரும்பாடு. கேட்டால் மறந்துவிட்டாராம். மறதி மேல் கேஸா போட முடியும்?

ஷோரூமில் ஒரு விலை சொன்னார்கள். காரையே விற்றால் வருகிற பணத்தில் பாதி அது. கடைத்தெரு சாவிக்காரர் பத்தே நிமிடத்தில் மலிவாக வெட்டிக் கொடுத்தார். கதவு திறந்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல். எஞ்சின் ஒரு உறுமு உறுமி, இரண்டே நொடியில் அடங்கிப்போனது. பிறகுதான் தெரிந்தது, அசல் சாவியின் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சிப் உண்டாம், அது இல்லாமல் வண்டி ஓடாதாம். இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன!

அந்தச் சிப்பையும் நகலெடுத்துத் தருகிற கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் அகப்பட்டார். ஷோரூம் விலையில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் அசல் சாவி அரை மணி நேரம் அவர் கையில் இருக்க வேண்டும், அவர் இந்தப் பக்கம் வருவதோ வியாழக்கிழமை மட்டும். முதல் வியாழன் சாவி வழக்கம்போல பஸ் ஏறிப்போனது. அடுத்த வியாழன் அவளே எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதைப் பார்த்தவர், அடடா, மறந்துவிட்டோமே என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது!

மூன்றாவது வியாழன் அவரை லீவு போட வைத்து வேலையை முடித்தாள். புதுச் சாவியைத் திருகினாள். எஞ்சின் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அலைந்த அலைச்சலுக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை ஆறே முக்கால். மாமியாருக்குச் செருப்பு மாட்டிவிட்டு நிமிர்ந்தால், அவள் மாட்டி வைத்த ஆணியில் புதுச் சாவி இல்லை. போன் போட்டாள்.

"ரெண்டையும் ஒரே வளையத்துல கோத்துட்டேன். தனித்தனியா இருந்தா ஒண்ணு தொலைஞ்சிடும்ல?" என்றார்.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் கத்தவில்லை.

"நீங்க அதை ஸ்பேர் சாவின்னு நினைச்சிட்டீங்க. அது என் சாவிங்க."

அவரோ, ஷிப்ட் ஆரம்பிக்கப் போகிறதே, இன்றைக்கு மட்டும் வாடகைக் காரில் போய்விடேன் என்று இழுத்தார். இத்தனை வருடமாக மகன் பக்கமே பேசிவந்த மாமியார் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"வாடகைக் காரை நீ பிடிச்சு வாடா. அவ சாவியை அவ கையில குடுத்துட்டு அப்புறம் வேலைக்குப் போ."